உணரி பிசகினால் ஓட்டுநர் ஏமாறலாம்

வலப்பனையிலிருந்து இராகலை ஊடாக நுவரெலியாவுக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் வாடகை வேன் ஏற்றத்தின் நடுவே நின்றுவிட்டால், அது வெறும் வாகனக் கோளாறன்று. உயிர் தொடர்பான விடயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மலையகத்தின் சுமையைத் தாங்கியவை பழைய வாகனங்களே. ஆகவே, கோளாறைச் சரியாக இனங்காண்பது இன்றியமையாததாகும்.

எஞ்சினின் குளிரூட்டும் நீர் எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதைக் கணினிக்கு அறிவிப்பது விரலளவேயான ஓர் உணரி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல வாகனங்களில் 20 பாகை செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரையிலும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையிலும் இருக்கும்.

சூடான எஞ்சினைக் குளிர்ந்ததென உணரி அறிவித்தால், கணினி தேவைக்கு மேல் எரிபொருளைச் செலுத்தும். கரும்புகை எழும், பெற்றோல் விரயமாகும். அதே உணரியை நம்பி இயங்கும் மின்விசிறியும் உரிய நேரத்தில் சுழலாது. அப்போது ஏற்றத்தில் எஞ்சின் உண்மையாகவே கொதித்துவிடும். இணைப்பு முற்றாக அறுந்தால் கணினி எச்சரிக்கை விளக்கை ஏற்றும். அளவு சற்றே பிசகினால் எச்சரிக்கை எதுவும் வராமலும் போகலாம். சில வாகனங்களில் முகப்பு மானிக்குத் தனி உணரி உண்டு. எனவே முள் சரியாக நிற்பதை மட்டும் நம்பலாகாது.

சோதனை எளிதானது. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், எஞ்சினை இயக்குமுன் பரிசோதனைக் கருவியில் நீரின் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் வேண்டும். நீர் மட்டும் மறை 40 பாகை எனக் காட்டினால், உணரியிலோ கம்பியிலோ இணைப்பு அறுந்துள்ளது. இணைப்பியைக் கழற்றி அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைக்கும்போது வாசிப்பு உச்சத்துக்குத் தாவினால், கம்பி நலம், பழுது உணரியிலேயே.

அதற்கு முன் நீர்மட்டத்தையும் பார்த்தல் அவசியம். நீர் குறைந்து உணரி காற்றில் நின்றால் அதன் அளவு பிழையாகும். தேர்மோஸ்டட் திறந்தபடியே இறுகியிருந்தாலும் நெடிய இறக்கத்தில் எஞ்சின் மெய்யாகவே குளிரும். அது உணரியின் குற்றமன்று. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதோ பேராபத்து.

அளவெடுக்காமல் ரேடியேட்டரையும் நீர்ப்பம்பியையும் மாற்றுவது, நாட்கூலியை நம்பி வாழும் ஓட்டுநருக்குப் பெரும் வீண் செலவு. அளந்து காட்டிய பின்னரே பாகத்தை மாற்றும் வழக்கம் ஒவ்வொரு கராஜிலும் வேரூன்ற வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது வாகன உரிமையாளரின் கடமையுமாகும்.