குப்பையில் கிடந்த கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லாருக்கும் ஆரம்பத்தில் ஒரு பயம் இருக்கும். எந்த பட்டனை அழுத்தினால் என்ன ஆகுமோ, எதைத் தொட்டால் எது அழிந்து போகுமோ என்று மவுஸைக் கூட பயந்து பயந்துதான் நகர்த்துவோம். ஜப்பானியக் கதை ஒன்றின் நாயகனான ஹிடெகி மோட்டோசுவாவுக்கும் இதே பயம் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம். அவனுடைய கம்ப்யூட்டர் மேசை மேல் இல்லை. எதிரே உட்கார்ந்து கண் இமைக்காமல் அவனையே பார்த்துக் கொண்டிருக்கிறது!

அந்தக் கதையின் பெயர் 'சோபிட்ஸ்'. அறிவியல் புனைவு, காதல், நகைச்சுவை மூன்றும் கலந்தது. காமிக்ஸாகத் தொடங்கி டிவி தொடராகவும் வீடியோ கேமாகவும் வளர்ந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையில் காதல் கதைக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? ஹார்ட் டிஸ்க், பேக்கப், ரீசெட் ஆகிய மூன்று சொற்களின் உண்மையான அர்த்தம் எனக்கு இந்தக் கதையைப் பார்த்த பிறகுதான் மனதில் பதிந்தது. நான் இன்ஜினியரிங் படித்தவன். சாப்ட்வேர் எழுதுவதுதான் என் தொழில். அப்படியிருந்தும்!

கதை என்ன?

ஹிடெகி, ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோவைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பையன். கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறவில்லை. மீண்டும் எழுதுவதற்காக டோக்கியோவுக்கு வந்து, வாடகை அறையில் தங்கி, கோச்சிங் வகுப்பில் சேர்கிறான். செலவுக்கு இரவில் ஒரு மதுக்கடையில் வேலை பார்க்கிறான்.

டோக்கியோவில் எங்கு பார்த்தாலும் மனித உருவக் கம்ப்யூட்டர்கள். கூடவே நடக்கின்றன, பேசுகின்றன, மெயில் வந்தால் படித்துச் சொல்கின்றன. காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடி. அதைத் திறந்தால் உள்ளே கேபிள். ஆங்கில மொழிபெயர்ப்பில் இவற்றுக்குப் பெயர் 'பெர்சோகாம்'. ஜப்பானிய மூலத்தில் 'பாசோகோன்' என்றுதான் இருக்கிறது. பர்சனல் கம்ப்யூட்டரை ஜப்பானியர்கள் தினமும் அழைக்கும் சாதாரணப் பெயர் அது. ஆக, அந்தக் கதையில் வருபவர்களுக்கு இது ரோபோ அல்ல, வீட்டுக் கம்ப்யூட்டர்தான்!

ஹிடெகிக்கும் ஒன்று வாங்க ஆசை. ஆனால் விலை கட்டுப்படியாகாது. ஒருநாள் இரவு வேலை முடிந்து வரும்போது குப்பை மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் உருவக் கம்ப்யூட்டர் கிடப்பதைப் பார்க்கிறான். தூக்கிக் கொண்டு அறைக்கு ஓடுகிறான். அவசரத்தில், அவளிடமிருந்து கீழே விழுந்த ஒரு டிஸ்க்கை அவன் கவனிக்கவில்லை. புதுக் கம்ப்யூட்டருடன் வரும் சிடியை அட்டைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு தேடிய அனுபவம் பலருக்கும் இருக்கும். கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஆன் செய்யும் சுவிட்ச் சொல்லச் சங்கடமான ஓர் இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் படும் பாடுதான் கதையின் முதல் நகைச்சுவை. கண் திறந்ததும் அவளுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே சொல் 'ச்சீ'. அதனால் அதையே பெயராக வைத்துவிடுகிறான். நமக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பது போல இருக்கும். அங்கே அது செல்லப் பெயர்.

பக்கத்து அறை நண்பன் ஷின்போ, தன் கையடக்கக் கம்ப்யூட்டரான சுமோமோவை ச்சீயுடன் இணைத்துச் சோதிக்கிறான். சுமோமோ உடனே செயலிழந்து விழுகிறது. ச்சீயிடம் பழைய தகவல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பார்ப்பதையெல்லாம் கற்றுக்கொள்கிறாள். ஒவ்வொரு சொல்லாக ஹிடெகி சொல்லித் தர வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரே தெரியாத ஒருவன் ஒரு கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துகிறான்! கதையின் பாதிச் சிரிப்பு இங்கிருந்துதான் வருகிறது.

உருவாக்கியவர்கள் யார்?

'கிளாம்ப்' என்ற பெயரில் சேர்ந்து இயங்கும் நான்கு பெண்கள்: அகேஹா ஒகாவா, மொகோனா, சுபாகி நெகோய், சட்சுகி இகராஷி. சிறுவர் சிறுமியர் விரும்பிய 'கார்ட்கேப்டர் சகுரா'வும் இவர்கள் படைப்புதான். சோபிட்ஸ் 2000 முதல் 2002 வரை கோடன்ஷா நிறுவனத்தின் 'யங் மேகசின்' வார இதழில் தொடராக வந்தது. அது வளர்ந்த ஆண்கள் படிக்கும் இதழ். பிறகு 8 புத்தகங்களாக வெளியானது.

2002 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை டிபிஎஸ் சேனலில் 26 பகுதிகள் கொண்ட அனிமே தொடராக ஒளிபரப்பானது. தயாரித்தது மேட்ஹவுஸ் ஸ்டூடியோ. இயக்கியவர் மோரியோ அசாகா. ச்சீக்குக் குரல் கொடுத்தவர் ரியே தனாகா, ஹிடெகிக்கு டொமோகசு சுகிடா. கேம் பாய் அட்வான்ஸுக்கு 2002-லும், பிளேஸ்டேஷன் 2-க்கு 2003-லும் கேம்கள் வந்தன.

காமிக்ஸுக்கும் டிவி தொடருக்கும் என்ன வித்தியாசம்? டிவியில் சிரிப்பு அதிகம். ச்சீ ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும் சம்பவங்கள் நிதானமாக நீள்கின்றன. காமிக்ஸ் இன்னும் அமைதியானது, இருண்டது. இடையிடையே 'ஆளில்லாத ஊர்' பற்றிய ஒரு படப் புத்தகம் வருகிறது. ஊரில் விளக்குகள் எரிகின்றன, ஆனால் தெருவில் யாரும் இல்லை. எல்லாரும் வீட்டுக்குள் 'அவை'களோடு இருக்கிறார்கள். மனிதர்களை விட அவற்றோடு இருப்பது சுகமாக இருப்பதால் யாரும் வெளியே வருவதில்லை. கையில் செல்போனோடு ஒரே அறையில் நாலு பேர் மௌனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்தப் படப் புத்தகம் நினைவுக்கு வரும்.

பூட்டிய கதவு

கோச்சிங் வகுப்பின் ஆசிரியை ஷிமிசு ஒருநாள் இரவு ஹிடெகியின் அறைக் கதவைத் தட்டுகிறார். பிறகுதான் காரணம் தெரிகிறது. அவர் கணவர் ஒரு பெர்சோகாம் வாங்கினார். அதோடு பேசிப் பேசி, மனைவி ஒருத்தி இருப்பதையே மறந்தார். ஒருநாள் ஷிமிசு வீடு திரும்பியபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. வேண்டுமென்று பூட்டவில்லை. மனைவி இன்னும் வரவில்லை என்ற நினைப்பே அவருக்கு இல்லை. சண்டை போட்டிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும்.

ஒரு ஹார்ட் டிஸ்க்கின் மரணம்

என்னை உலுக்கியது இன்னொரு கிளைக் கதை. ச்சீ வேலை பார்க்கும் பேக்கரியின் முதலாளி உவேதா. கடை உதவிக்காக ஒரு பெர்சோகாம் வாங்கினார். பெயர் யுமி. நாளடைவில் அவள் மேல் அன்பு வந்து, சட்டம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் திருமணமும் செய்துகொண்டார். சில காலம் கழித்து யுமிக்கு மறதி வந்தது. முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். பிறகு நேற்று நடந்தது. கடைசியில் உவேதா யார் என்பதே மறந்துபோனது. காரணம், ஹார்ட் டிஸ்க் பழுது. சரி செய்யப் போனால் உள்ளே இருக்கும் நினைவுகள் போய்விடும். சரி செய்யாவிட்டாலும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பார்?

இதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் என் லேப்டாப்பிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. ஒரு பைலைத் திறக்கப் பல நிமிடம் ஆனது. சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. 'புதுசு மாதிரி ஆயிடுச்சு தம்பி' என்றார் கடைக்காரர். உண்மைதான். புது ஹார்ட் டிஸ்க், புது விண்டோஸ், உள்ளே ஒன்றுமே இல்லை. அதில் என் தாத்தா பேசிய பதிவுகள் இருந்தன. ஊர்க் கிணறு வெட்டிய கதை, பாட்டியைப் பெண் பார்க்கப் போன கதை என்று ஒரு கோடை விடுமுறை முழுவதும் பதிவு செய்தவை. தாத்தா அதற்கு ஆறு மாதம் முன்பே இறந்துவிட்டார். பழைய டிஸ்க்கைக் கேட்டால், 'அது டெட் தம்பி, போட்டாச்சு' என்றார். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறொரு இடத்தில் ஒரு காப்பி கூட எடுத்து வைக்காதது நான்தான்.

உவேதா பழுது பார்க்கத் தயங்கியது முட்டாள்தனம் என்று சிலர் சொல்வார்கள். புது டிஸ்க் போட்டால் யுமி ஓடியிருப்பாள். ஆனால் அவருடைய யுமியாக இருந்திருக்க மாட்டாள். கம்ப்யூட்டரின் எந்தப் பாகத்தையும் கடையில் வாங்கலாம். அதற்குள் நாம் சேர்த்ததைக் கடையில் வாங்க முடியாது.

ச்சீயின் சுவிட்ச்சிலும் இதே சிக்கல் இருக்கிறது. அதை மறுபடி அழுத்தினால் அவள் அதுவரை கற்றது, ஹிடெகியை அறிந்தது எல்லாமே அழிந்துவிடும் என்பது காமிக்ஸில் பிற்பாடு தெரிய வருகிறது. முதல் பக்கங்களில் நாம் சிரித்த அந்த இடமே கடைசியில் நெஞ்சை அடைக்கும் கேள்வியாகிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை.

கதையா, நிஜமா?

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1999-ல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற ரோபோ நாய்க்குட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 2,50,000 யென். ஜப்பானுக்கு ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. 2006-ல் உற்பத்தி நின்றது. 2014-ல் பழுது பார்க்கும் சேவையும் நின்றது. உதிரி பாகம் கிடைக்காமல் ஓய்ந்துபோன ஐபோக்களுக்கு 2015 முதல் சிபா மாநிலத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி புத்தர் கோயிலில் பிக்குகள் மந்திரம் ஓதி இறுதிச் சடங்கு செய்தார்கள்! 2018-ல் வந்த புதிய ஐபோ தன் அனுபவங்களை இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கிறது. அதாவது பேக்கப்!

அதே 2018-ல் டோக்கியோவில் ஒருவர், கண்ணாடிக் குடுவைக்குள் தோன்றிப் பேசும் ஹட்சுனே மிக்கு என்ற கம்ப்யூட்டர் பாடகியைத் திருமணம் செய்துகொண்டார். 2020-ல் அந்த மிக்குவுக்கான சேவை நிறுத்தப்பட்டது. அதோடு பேச்சும் நின்றது. நினைவுகள் நம் டிஸ்க்கில் இருந்தாலும் பிரச்சினை, கம்பெனியின் சர்வரில் மட்டும் இருந்தாலும் பிரச்சினை. இன்று ஏஐ சாட்பாட்களிடம் மனம் விட்டுப் பேசுபவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

'கார்ட்டூன்தானே' என்று குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள். பெரியவர்களுக்கான காட்சிகள் உண்டு. சொன்னதையெல்லாம் கேட்கும் அழகான பெண்ணாகவே கம்ப்யூட்டரைக் காட்டுவது சரியா என்ற கேள்வியும் நியாயமானதே. கதையும் அதைச் சற்றே தொடுகிறது. மினோரு என்ற சிறுவன், இறந்துபோன தன் அக்காவின் சாயலில் யுசுகி என்ற பெர்சோகாமை உருவாக்குகிறான். பிறகு, 'நீ அக்காவாக இருக்க வேண்டியதில்லை, யுசுகியாக இரு' என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. உங்கள் கம்ப்யூட்டரில் திரும்பக் கிடைக்காதவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். சினிமாவும் பாட்டும் திரும்பக் கிடைக்கும். குடும்பப் போட்டோ, பெரியவர்களின் குரல், நீங்கள் டைப் செய்த பைல்கள் கிடைக்காது.

2. அவற்றை ஒரே போல்டரில் போடுங்கள். தேடாமல் காப்பி எடுக்க இதுவே வழி.

3. 3-2-1 விதியைப் பின்பற்றுங்கள். மொத்தம் 3 காப்பிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 காப்பி வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இன்டர்நெட் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று.

4. ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம், பைல் திறக்கத் தாமதம், அடிக்கடி உறைந்து நிற்பது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். உடனே காப்பி எடுத்திடுங்கள். எஸ்எஸ்டி டிஸ்க் சத்தமே போடாமல் நின்றுவிடலாம். அதற்கும் பேக்கப் அவசியம்.

5. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், 'என்னைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது, பழைய டிஸ்க் எனக்கு வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள்.

6. எடுத்த காப்பியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்க முடியாத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வீட்டுக்கு வந்தால், எழுந்து போய்க் கதவைத் திறந்திடுங்கள். பைலை சேவ் செய்துவிட்டுப் போகலாம், கம்ப்யூட்டர் காத்திருக்கும். என் தாத்தா பேசியதில் இன்று என்னிடம் மிச்சமிருப்பது, அன்று லேப்டாப் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்ட கதைகள் மட்டும்தான்.