கடன் தீர்ந்தது, பத்திரம் வரவில்லை

திருநெல்வேலிப் பக்கம் வீடு வாங்குகிறவர் முதலில் கேட்பது மூலப்பத்திரம், அடுத்தது வில்லங்கம். வீட்டுக் கடன் வாங்கினால் மூலப்பத்திரம் வங்கிக்குப் போய்விடும். அதை ஒப்படைத்ததற்கான 'எம்.ஓ.டி.' ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஒரு வரியாக ஏறிக்கொள்ளும். இருபது வருடம் தவணை கட்டி முடித்தாலும் அந்த வரி தானாக மறையாது. வங்கி ரசீது எழுதிக் கொடுத்து, அதுவும் பதிவாக வேண்டும். அதுவரை வீட்டை விற்பதோ, அதன்மேல் வேறு கடன் வாங்குவதோ இழுபறிதான்.

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ கடன் கொடுத்த கிளையிலேயே பத்திரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பல நிறுவனங்கள் எல்லாப் பத்திரங்களையும் வெளியூரில் ஒரே காப்பகத்தில் வைத்திருக்கின்றன. "மெட்ராஸ்ல இருந்து வரணும், அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் மாதக்கணக்கில் நீள்வது இப்படித்தான்.

இந்த இழுத்தடிப்புக்கு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-இல் ஒரு விலை வைத்தது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைக் கொடுத்து, பதிவான அடமானத்தையும் நீக்கிவிட வேண்டும். தாமதம் கடன் கொடுத்தவரின் தவறால் என்றால், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 40 நாள் தாமதித்தால் 2 லட்சம். பத்திரம் தொலைந்துவிட்டால் சான்றிட்ட நகல் வாங்க உதவி, செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம். பத்திரம் திரும்ப வேண்டிய நாள் 2023 டிசம்பர் 1 அல்லது அதற்குப் பின் என்றால் இந்த விதி பொருந்தும்.

கேட்டும் தராவிட்டால்? நேரே ஆம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோதான் அடுத்த படி. பிரிட்டனில் நிறுவனத்துக்கு இந்த அவகாசம் 8 வாரம். அதோடு ஒப்பிட்டால் இங்கே கெடு குறைவு. ஆனால் மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் சேராது. ஆறு மாதம் கிளைக்கு நடந்தவருக்கும், கையில் எழுத்துப் புகார் இல்லையென்றால், முதல் நாள் இனிமேல்தான் தொடங்கும்.

2021 நவம்பர் 12-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, சென்னைக்கு ரயிலேறவும் வேண்டாம். இணையத்தில் பதியலாம்; தபாலில் அனுப்பினால் சண்டிகரில் உள்ள மையம் பெற்றுக்கொள்ளும். புகாரை ஏற்றதும் வங்கி விளக்கம் தர 15 நாள். அந்தத் திட்டத்தில் வங்கிக்குக் கெடு உண்டு; குறைதீர்ப்பாளர் இத்தனை நாளில் முடிவு சொல்லியே தீர வேண்டும் என்ற கெடு இல்லை. காத்திருப்பு நீளும் இடம் இது. சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும் 30 நாளுக்குள் ஏற்புக் கடிதம் கொடுக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

இதைவிட அதிக நாளைத் தின்பது தவறான வாசலைத் தட்டுவது. கடன் கொடுத்தது வங்கியா, வீட்டுக் கடன் நிறுவனமா என்று பலர் பார்ப்பதில்லை. ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களை 2021 திட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. அவற்றின் மீதான புகார் டெல்லியிலுள்ள தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். எச்.டி.எஃப்.சி. நிறுவனம் 2023 ஜூலை 1-இல் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தபோது, அதில் கடன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் புகார் வாசல் ஒரே நாளில் மாறியது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் பத்திரம் மாட்டியிருந்தால் இந்த இரண்டு வாசலும் இல்லை. கூட்டுறவுப் பதிவாளரிடம்தான் முறையிட வேண்டும்.

அடுத்தது, புகார் கொடுத்ததற்கான ஆதாரம். பத்திர விதி நடைமுறைக்கு வந்து இரண்டே வாரத்தில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பக்கம் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல். தாமிரபரணி கரையுடைத்து வீடுகளுக்குள் புகுந்ததில் பாஸ்புக்கும் ரசீதும் நனைந்து கூழான குடும்பங்கள் ஏராளம். வங்கியிடம் கணக்கு விவரத்தை மறுபடி வாங்கலாம். கையெழுத்திட்டுக் கொடுத்த புகாரின் ஒப்புகைச் சீட்டைத் திரும்பப் பெறுவது கடினம். மின்னஞ்சலில் அனுப்பிய புகாருக்கு அந்தக் கவலை இல்லை.

குறைதீர்ப்பாளரால் தீராத வழக்கும் உண்டு. தவணை தவறி, அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்த வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்தபின், குறைதீர்ப்பாளரிடம் மனு கிடக்கிறது என்று சும்மா இருந்தால் ஏலம் நிற்காது. வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை எதிர்க்க, அது நடந்த 45 நாளுக்குள் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பத்திரம் தராதது போன்ற சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒரே புகாரை இரண்டு இடத்திலும் நடத்த முடியாது. ஆணையத்தில் வழக்கு இருக்கும்வரை குறைதீர்ப்பாளர் அதைத் தொட மாட்டார்.