'உடனே' என்றால் எவ்வளவு நேரம்?

பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிமின் விளைவு நடத்திக்கொண்டிருந்தேன். "ஒளி பட்ட உடனே எலக்ட்ரான் வெளியேறும், காலதாமதம் கிடையாது" என்றேன். "உடனேன்னா எவ்வளவு நேரம் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "பூஜ்ஜியம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்த விடை தவறு.

எலக்ட்ரான்களின் அசைவை அட்டோ வினாடியில் அளக்கிறார்கள். ஓர் அட்டோ வினாடி என்பது 10⁻¹⁸ வினாடி. பிரபஞ்சம் தோன்றிய 1,380 கோடி ஆண்டுகளில் கழிந்த வினாடிகளைவிட, ஒரே வினாடிக்குள் அடங்கும் அட்டோ வினாடிகள் அதிகம்.

ஓடும் மின்விசிறியைப் படம் எடுத்தால் இறக்கைகள் கலங்கித் தெரியும். மிகக் குறுகிய வெளிச்சத்தில் எடுத்தால் தனித்தனியாகத் தெரியும். எலக்ட்ரானுக்கும் அத்தகைய ஒளித்துடிப்பு தேவை. ஆனால் இதற்குப் பயன்படும் அகச்சிவப்பு லேசரின் ஓர் அலைவுக்கே 2,500 அட்டோ வினாடிக்கு மேல் ஆகிறது.

இதற்கான வழி 1987-ல் தென்பட்டது. ஆன் லுயிலியேயும் உடன் பணியாற்றியவர்களும் மந்த வாயுவில் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தியபோது, அதன் அதிர்வெண்ணின் பல மடங்குகளில் ஒளி வெளிவந்தது. லேசரின் மின்புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து இழுக்கிறது. புலம் திசை மாறியதும் எலக்ட்ரான் திரும்பி வந்து அணுவோடு சேர்கிறது. பெற்ற ஆற்றலைப் புற ஊதா ஒளியாக விடுகிறது. இந்த அலைகள் ஒத்திசைந்து கூடும்போது அட்டோ வினாடித் துடிப்பு பிறக்கிறது. 2001-ல் பியர் அகோஸ்தினி 250 அட்டோ வினாடித் துடிப்புகளின் தொடரையும், ஃபெரன்ஸ் கிரவுஸ் 650 அட்டோ வினாடி நீளமுள்ள தனித்துடிப்பையும் உருவாக்கினர். மூவரும் 2023-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

நியான் அணுவில் 2p எலக்ட்ரான், 2s எலக்ட்ரானைவிடச் சுமார் 20 அட்டோ வினாடி பிந்தி வெளியேறுவதாக கிரவுஸ் குழு 2010-ல் அறிவித்தது. துடிப்புடன் சேர்த்து அகச்சிவப்பு லேசரையும் செலுத்துவார்கள். எலக்ட்ரான் வெளிவரும் கணத்தைப் பொறுத்து அதன் வேகம் கூடும் அல்லது குறையும். வேகத்தை அளந்து நேரத்தைக் கணக்கிடலாம்.

அப்படியானால் பாடநூல் தவறா? இல்லை. அலைக் கொள்கைப்படி, மங்கலான ஒளியில் எலக்ட்ரான் ஆற்றலைச் சேர்த்துக்கொள்ள நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இல்லை என்பதே 'காலதாமதம் இல்லை' என்பதன் பொருள். நேரமே ஆவதில்லை என்பதல்ல.

அடுத்த வகுப்பில், "அன்று நான் சொன்னது தவறு" என்று தொடங்கி இதை விளக்கினேன். நோபல் பரிசுச் செய்தி தொலைபேசியில் வந்தபோது லுயிலியே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் பேசிவிட்டு, திரும்பிச் சென்று மீதிப் பாடத்தை முடித்தார் என்பதையும் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி குறிப்பேட்டில் 10⁻¹⁸ என்று எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டாள்.