இறக்கத்தில் அடங்காத ரேஸ்

கொடைக்கானலுக்குப் பழைய காரில் போகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். காமக்காபட்டி தாண்டியதும் வண்டி இழுக்குமா, டம் டம் பாறைக்குள் சூடேறிவிடுமா, பெருமாள்மலை வரை ஏசியை அணைத்துவிடலாமா என்பதுதான் பேச்சு. ஏற்றத்தில் இழுக்காத வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். ஓரங்கட்டி, டயருக்குக் கல் வைத்துவிட்டு ஆள் தேடலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்த பிறகும் ரேஸ் அடங்காத வண்டியின் கதை வேறு. ஏறக்குறைய 2,130 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். அத்தனை வளைவுகளிலும் வண்டியைப் பிடித்து வைப்பது இரண்டாம் கியரில் எஞ்சின் தரும் பிடிப்புதான். பிரேக் அதற்குத் துணை. அந்தப் பிடிப்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும் பாகம் தேய்ந்துபோன த்ராட்டில் பாடி.

இந்தச் சிக்கல் யாருக்கு வரும்? 2000 ஏப்ரலில் புகை விதிகள் இறுகியதை ஒட்டி, கார்பரேட்டரை விட்டு, கணினி பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறிய தலைமுறைக் கார்களுக்கு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ, அதே காலத்து மாடிஸ், லான்சர், மறைமலை நகரில் செய்த ஐகான், மாருதி 800இன் எம்.பி.எஃப்.ஐ. வடிவம், இசுசு எஞ்சின் வைத்த அம்பாசிடர் எல்லாமே இந்த வரிசை. உரிமையாளர் இவற்றைக் ‘கிளாசிக்’ என்று கொண்டாடலாம். சட்டம் கொண்டாடாது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளின்படி 50 வயது ஆனால்தான் அந்தச் சலுகை. இருபத்தைந்து வயதுக் கார் சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார்.

த்ராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் அலுமினியக் குழாய். நடுவில் ஒரு ஷாஃப்ட், அதில் வட்டமான பட்டர்ஃபிளை தகடு. நாம் பெடலை மிதித்தால் கேபிள் இழுத்துத் தகடு திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடும். மலைச்சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திறந்து மூடித் திறந்து, ஷாஃப்ட் உட்காரும் துளை நீள்வட்டமாகத் தேயும். தகட்டின் விளிம்பு குழாய்ச் சுவரில் கோடு போடும். நீண்ட ஏற்றத்தில் எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை தகட்டைச் சுற்றிக் கறுப்புப் பிசினாகப் படியும்.

விளைவு இரண்டு. தேய்ந்த இடைவெளி வழியே கணக்கில்லாத காற்று உள்ளே நுழையும். காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் மீட்டர் வைத்த வண்டிகளில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் திணறும். அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வைத்த வண்டிகளிலோ, கணினி அந்தக் காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றும், ஐடிலிங் ஏறி நிற்கும். இரண்டாவது விளைவுதான் மலையில் ஆபத்து. கால் எடுத்ததும் தகடு முழுதாக மூடியது என்று த்ராட்டில் பொசிஷன் சென்சார் சொன்னால்தான், இறக்கத்தில் கணினி பெட்ரோலை நிறுத்தும். தகடு இம்மியளவு திறந்தே நின்றால் அந்தச் செய்தி போகாது. எஞ்சின் பிடிக்க வேண்டிய இடத்தில் லேசாகத் தள்ளிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார், பேட் கருகும் வாடை வரும், பழி பிரேக்கின் மேல் விழும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. பிரேக்கை இலேசாக்கித் தரும் பூஸ்டர், எஞ்சினின் உறிஞ்சு விசையில் வேலை செய்வது. கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தமே சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பூஸ்டரின் உதவியும் அதற்கேற்பக் குறையும். அதோடு த்ராட்டில் கசிவும் சேர்ந்தால் பெடல் கட்டையாகிவிடும்.

இதற்குப் பெரும்பாலான பட்டறைகளில் கிடைக்கும் வைத்தியம் என்ன? “ரேஸ் கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கேன் சார், இனி ஆஃப் ஆகாது.” கம்பெனி பெயின்ட் வைத்து மூடிய ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி, தகட்டை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டார் என்பதே இதன் பொருள். ஏற்றத்துக்கு இது சுகம். இறக்கத்துக்கு இதைவிடக் கெட்ட வேலை கிடையாது. கார்ப் கிளீனர் அடித்துத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். சில பாடிகளின் உட்சுவரில் காற்று கசியாதிருக்கக் கறுப்புப் பூச்சு ஒன்று உண்டு. அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்தெடுத்தால் இல்லாத கசிவும் வந்து சேரும்.

சோதிப்பது எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி, ஷாஃப்டின் நுனியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். விரலில் ஆட்டம் தெரிந்தால் துளை தேய்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஷாஃப்டின் இரு முனையிலும் கிளீனர் அடித்து ரேஸ் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும் வேலை. சோப்புத் தண்ணீர் போதும்.

ஆட்டம் இருந்தால், என் கருத்தில், சென்னைப் புதுப்பேட்டையில் இன்னொரு பழைய பாடி வாங்குவதைவிட உங்கள் பாடியையே லேத்தில் கொடுத்துப் புஷ் போடுவது மேல். வாங்கி வருவதும் இன்னொரு வண்டியில் தேய்ந்ததுதானே. தவிர, குழாயின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கணினியின் கணக்கு தப்பும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தகட்டை ஷாஃப்டில் பிடித்திருப்பவை இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். கழலாதிருக்க அவற்றின் முனையைக் கம்பெனியிலேயே நசுக்கிவிட்டிருப்பார்கள். நசுங்கிய முனையை அராவாமல் திருகினால் ஷாஃப்டின் மரை போய்விடும். தகட்டின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது, எந்தப் பக்கம் மேலே என்று குறிக்காமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது சுவரில் சிக்கும். துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் இறக்கிய பிறகு, இரு பக்கத்தையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட வேண்டும். தனித்தனியே போட்டால் ஷாஃப்ட் இறுகும். பிறகு புது சீல், புது ஸ்க்ரூ, மரையில் லாக்டைட், முனையை மறுபடி நசுக்குதல். இந்தக் கடைசி வேலையைத் தவிர்க்கவே கூடாது. ஒரு ஸ்க்ரூ கழன்றால் அது நேரே சிலிண்டருக்குள் போய் வால்வையும் பிஸ்டனையும் சேர்த்து முடித்துவிடும். பூட்டியதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மூடிய தகட்டைச் சுற்றி வெளிச்சம் எங்கும் ஒரே சீராக, மயிரிழையாகத் தெரிய வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பொசிஷன் சென்சார், மூடிய நிலையில் அரை வோல்ட்டை ஒட்டியும் முழுதாகத் திறந்தால் நாலுக்கு மேலும் காட்டும். இடையில் குதிக்கக் கூடாது.

அப்படியும் ஒரு நாள் ரேஸ் சிக்கிக்கொண்டால்? பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால், த்ராட்டில் திறந்திருக்கும்போது பூஸ்டரின் உறிஞ்சு விசை இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நின்ற பிறகு சாவியை அணையுங்கள். ஓடும் வண்டியில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சாதாரண இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் வருகிறவர்களுக்கு இது அனுமதிச் சீட்டு அல்ல.

கிளம்பும் முன் கால்மிதியையும் பாருங்கள். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் டொயோட்டாவின் ஒரு லெக்சஸ் காரில் பொருந்தாத கால்மிதி பெடலைப் பிடித்துக்கொண்டதில் நால்வர் இறந்தார்கள். அதன்பின் டொயோட்டா பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உண்மையை மறைத்த குற்றச்சாட்டில் 2014 மார்ச்சில் 120 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. நம் நாட்டில் கட்டாயத் திரும்ப அழைப்பு விதி 2021 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளுக்கு. பழைய கார்க்காரர் தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

உதிரிபாகம் பற்றி ஒரு உரிமை உண்டு. ‘கம்பெனி பாகம் வெளியில் தரமாட்டோம்’ என்று சொன்ன 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்யவும் சொன்னது. மேல்முறையீடுகள் நீண்டன. ஆனாலும் வெளியில் பழுது பார்ப்பது குற்றமல்ல. எதைச் செய்யக் கூடாது? எம்.பி.எஃப்.ஐ.யைப் பிடுங்கிவிட்டுக் கார்பரேட்டர் போடுவது. தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அதே அளவில் புஷ் போட்டுப் புதுப்பிப்பது இதில் வராது.

பட்டறையில் வண்டியை விடும்போதே மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. கழற்றிய ஷாஃப்டும் ஸ்க்ரூவும் உங்களுடையவை, கேட்டு வாங்குங்கள். பில்லில் ‘த்ராட்டில் வேலை’ என்று ஒரு வரி போதாது, புஷ், ஷாஃப்ட், சீல், கூலி தனித்தனியாக வேண்டும். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. வேலை பிடிக்கவில்லை என்று காசு கொடுக்காமல் வண்டியை எடுத்துவர முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, உழைத்தவருக்குக் கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமை தருகிறது. எனவே சண்டை வேண்டாம். ‘ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்’ என்று பில்லிலேயே எழுதிக் கட்டிவிட்டு, பிறகு புகார் கொடுங்கள்.

ஆர்.சி. விஷயத்தில் ஒரு பீதி உலவுகிறது. 15 ஆண்டு ஆனால் வண்டியை உடைக்க வேண்டும் என்பது டெல்லிச் செய்தி. தமிழ்நாட்டில் தனியார் காரை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. பசுமை வரி தனி. பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 2, 3 வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை புகைச் சான்று வேண்டும். கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், த்ராட்டில் சரியில்லாத வண்டி அங்கேயே மாட்டும். பதிவு இல்லாமல் ஓட்டுவது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது, சொந்தச் சேதத்துக்குப் பணம் வராது. தேய்மானத்துக்கும் எந்திரக் கோளாறுக்கும் காப்பீட்டில் வழக்கமாகவே பணம் கிடையாது.

புகாருக்கு முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வேலை நடந்தது வத்தலக்குண்டிலோ கொடையிலோ என்றாலும் திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். சட்டம் சொல்லும் காலம் மூன்று மாதம், பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிவந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் நீளும். அதுவரை பட்டறையில் கேட்டு வாங்கிய பழைய பாகங்களைக் கழுவாமல் துடைக்காமல், கழற்றிய தேதியை எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.