ஐம்பத்தைந்து வயதில் ஒரு தொடக்கம்

உத்தியோகத்தைத் துறந்து புதுத்தொழில் தொடங்குதல் இளைஞர்க்கே இயலும் என்பது நம்மிற் பலரது எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை மொறிஸ் சாங் என்பாரின் வாழ்க்கையைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

சீனாவின் நிங்போ நகரில் 1931ஆம் ஆண்டிற் பிறந்த இவர், போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் அலைந்து வளர்ந்தார். 1949இல் அமெரிக்கா சென்று, ஹாவாட் சர்வகலாசாலையில் ஓராண்டும், பின்னர் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலும் பயின்றார். அங்கே கலாநிதிப் பட்டத்துக்கான தகுதிப் பரீட்சையில் இருமுறை தோல்வியுற்றார். வேலை தேடியபோது, போர்ட் மோட்டார் நிறுவனம் மாதம் 479 டொலர் தர முன்வந்தது. சில்வேனியா நிறுவனமோ 480 டொலர் என்றது. கூட்டித் தருமாறு கேட்டும் போர்ட் நிறுவனத்தார் இணங்காமையால், 1955இற் சில்வேனியாவிற் சேர்ந்தார். குறைகடத்தித் தொழிலுக்கு அவரை ஈர்த்தது அந்த ஒரு டொலரே எனலாம்.

1958இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தை அடைந்தார். செய்யப்படும் திரான்சிஸ்டர்களிற் பெரும்பாலானவை பழுதாய்க் கழிக்கப்பட்ட காலம் அது. வெப்பம், அழுத்தம் முதலியவற்றைப் படிப்படியாக மாற்றிப் பார்த்து, நூற்றுக்கு இருபதுக்கு மேல் நல்லனவாகத் தேறச் செய்தார். நிறுவனமே செலவை ஏற்று அவரை ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலைக்கு அனுப்ப, 1964இற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தும் தலைமைப் பதவி கிட்டாதென உணர்ந்து, 1983இல் விலகினார்.

1985இல் தாய்வான் அரசு தன் தொழினுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவராக அவரை அழைத்தது. அக்காலத்திற் சில்லு வரைவோர் தாமே ஆலையும் வைத்திருத்தல் வேண்டும். அன்றேல், போட்டியாளரின் ஆலையில் ஓய்வுநேரம் கிடைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். பிறர் வரைந்தவற்றைச் செய்து கொடுப்பதன்றித் தனக்கெனச் சில்லு எதனையும் விற்காத ஆலை ஒன்று இருப்பின், வரைவோர் அதனை அஞ்சாது நாடுவர் என அவர் கண்டார். அரசின் முதலும் பிலிப்ஸ் நிறுவனத்தின் பங்கும் துணைநிற்க, 1987இற் தாய்வான் செமிகண்டக்டர் நிறுவனம் தோன்றியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஆலையில்லாத வரைவு நிறுவனங்கள் பல பின்னர் எழுந்து வளர்ந்தமைக்கு இவ்வேற்பாடே வழி செய்தது. 2005இல் நிருவாகப் பொறுப்பைக் கைவிட்ட அவர், 2009இல் மீண்டும் அதனை ஏற்று, 2018இல் முற்றாக ஓய்வு பெற்றார்.

இதனால் யாவரும் வேலையை உதறுக என யாம் கூறவில்லை. அரசின் கைகொடுப்பு இன்றி அவ்வாலை எழுந்திராது. ஆயினும், எங்கே பழுது நேரும், எங்கே பிறர் இடர்ப்படுவர் என்பதை அவருக்குக் கற்பித்தவை ஆலைத்தளத்திற் கழிந்த ஆண்டுகளே. பிறரிடம் ஊழியம் செய்த காலம் வீணன்று. கண்திறந்து செய்தால் அதுவே முதலாகும்.

இதனைப் படிக்கும் மாணவருட் பரீட்சையில் தவறியோர் இருப்பர். பழைய மாணவருட் பதவியுயர்வு கிட்டாது மனம் வாடியோர் இருப்பர். இருசாராரும் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.