உங்களுக்குத் தெரியுமா? சாம்பலைப் பிடிக்கும் மின்சாரம்

அனல்மின் நிலையப் புகை, புகைபோக்கியை எட்டும் முன் வரிசையாகத் தொங்கும் உயரமான இரும்புத் தகடுகளுக்கு நடுவே போகிறது. இடையிலுள்ள கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம். சாம்பல் துகள்கள் மின்னேற்றம் பெற்றுத் தகடுகளில் அப்பிக்கொள்ளும். அவ்வப்போது சுத்தியல்கள் தட்ட, பாளம்பாளமாகக் கீழே உதிரும். அமெரிக்க வேதியியலாளர் ஃபிரெடரிக் காட்ரெல் 1908இல் காப்புரிமை பெற்ற முறை இது. நன்றாக இயங்கினால் 99 சதவீதத்துக்கும் மேல் சாம்பலைப் பிடித்துவிடும். ஆனால் தப்புபவற்றில், நுரையீரலின் ஆழம்வரை போகிற மிக நுண்ணிய துகள்களே அதிகம் என்பதுதான் கவலை. இந்திய நிலக்கரியில் இன்னொரு சிக்கல். கந்தகம் குறைவு என்பதால் அதன் சாம்பல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தகட்டில் மின்னேற்றம் தேங்கி, பிடிக்கும் திறன் குறையும். அதை ஈடுகட்டச் சில நிலையங்களில் புகையோடு கொஞ்சம் அம்மோனியா கலக்கிறார்கள்.