“என்ன வேலை பார்த்தீங்க?”

கோலார் தங்கவயல் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். அன்று முப்பத்தைந்து வயதில் வேலை போனவர் இப்போது அறுபதை ஒட்டி நிற்கிறார். மூச்சு வாங்குகிறது என்று இத்தனை காலம் கழித்து அவர் மருத்துவரைத் தேடிப் போனால் அதில் வியக்க ஒன்றுமில்லை. கல்தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸ் நோயின் குணமே அதுதான். தூசியை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அது உள்ளே முற்றிக்கொண்டிருக்கும்.

கோலாரில் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் ஓடியது. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழம்வரை துளை போட்டு, வெடி வைத்து, கல்லை வாரியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து போன குடும்பத்தினர். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைவான தூள்தான் ஆளைக் கொல்வது. அது நுரையீரலின் காற்றுப்பைவரை போய் உட்காரும். அங்குள்ள காவல் செல்கள் அதை விழுங்கும். செரிக்க முடியாமல் சாகும். வெளியே விழுந்த துகளை அடுத்த செல் விழுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தழும்பு ஏறி, பஞ்சுபோல் விரிய வேண்டிய இடம் முடிச்சு முடிச்சாக இறுகிப்போகும்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. மைசூர் சமஸ்தானம் 1940-லேயே சிலிக்கோசிஸுக்குத் தனி விதிகள் போட்டது. அந்தப் பத்தாண்டில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கும் மேல் நோய் இருந்தது. துளையில் தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்கும் முறை வந்ததெல்லாம் பலருடைய நெஞ்சு கெட்ட பிறகுதான்.

நோய் பிடித்தவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பத்து, இருபது வருடம்கூட அப்படியே போகும். பிறகு தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷன் படியில் பாதியில் நிற்க வேண்டியிருக்கும். ‘வயசாகுது’ என்பார்கள், அல்லது பீடியின் மேல் பழி போடுவார்கள். வறட்டு இருமல், களைப்பு, நெஞ்சில் இறுக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளிகள். காசநோயும் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும் என்பதால் குழப்பம் தொடங்குகிறது. சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலே காசநோய் மாத்திரை கொடுத்து, அது முடிந்ததும் மறுபடி கொடுத்து, மூச்சுத்திணறல் மட்டும் அப்படியே இருப்பது சுரங்க ஊர்களில் பழைய கதை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிக்கா தங்கிய நுரையீரலில் உண்மையான காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆகவே காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் எது வந்தாலும் சளிப் பரிசோதனை கட்டாயம்.

கல்நார் தூசியால் வரும் மீசோதீலியோமாவோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நுரையீரலைச் சுற்றிய உறையில் பிடிக்கும் புற்றுநோய். நெஞ்சு வலியும் நீர்க்கோப்புமாக வரும். ஆனால் அதுவும் பல பத்தாண்டு கழித்தே தலைகாட்டும் என்பதால் இரண்டிலும் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே.

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் மக்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். வைத்தியமும் பலருக்கு அங்கேதான். “பீடி குடிப்பீங்களா?” என்று கேட்கும் மருத்துவர், “என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்பது அபூர்வம். கேட்டாலும், கடைசியாகப் பார்த்த செக்யூரிட்டி வேலையைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்: எந்தச் சுரங்கம், எத்தனை வருடம், துளை போடும் வேலையா, கல் அரைக்கும் இடமா.

தழும்பை அழிக்கும் மருந்து இல்லை. பீடியை விடுவதும், நிமோனியா தடுப்பூசியும், காசநோயை முளையிலேயே பிடிப்பதும் ஆயுளைக் கூட்டும். சட்டப்படி சிலிக்கோசிஸ் இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய். பழைய சர்வீஸ் காகிதங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் யாராவது கிரானைட் அறுக்கவோ செயற்கைக் கல் மேடை செதுக்கவோ போகிறார்கள் என்றால் அவர்கள் நுரையீரலைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்: இளம் தொழிலாளர்கள் வரிசையாகச் சிலிக்கோசிஸில் விழுந்ததால், அந்தச் செயற்கைக் கல்லையே ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் தடை செய்துவிட்டது.